"டைரக்ட் குடுத்தாச்சு சார்" என்பது ரிப்பேர் அல்ல

மார்கழி பிறந்துவிட்டால் நம் திண்டுக்கல்லில் எலக்ட்ரீஷியனைப் பிடிப்பது தை முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடிப்பதைவிடச் சிரமம். வருடம் முழுக்கச் சும்மா தொங்கிய கீசரை எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் போடுகிறார்கள். பல வீடுகளில் அது வேலை செய்வதில்லை. பார்க்க வருகிறவர் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

"பழசாயிருச்சு சார், புதுசு வாங்கிருங்க."

"தெர்மோஸ்டாட் போயிருச்சு சார், டைரக்ட் குடுத்தாச்சு. இனிமே பிரச்சினை வராது."

முதல் தீர்ப்பு பணத்துக்குக் கேடு. இரண்டாவது உயிருக்குக் கேடு. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் இன்று கோபத்தோடு எழுதுகிறேன்.

கீசருக்குள் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. ஒரு தொட்டி, தண்ணீரைச் சூடாக்கும் காயில், இரண்டு காவலாளிகள். முதல் காவலாளி தெர்மோஸ்டாட். தண்ணீர் 60 டிகிரி பக்கம் வந்ததும் கரண்ட்டை நிறுத்துவார், ஆறினால் மறுபடி விடுவார். தினமும் பலமுறை இதைச் செய்வதால் ஒருநாள் அவர் தேய்ந்துபோவார். சில சமயம் உள்ளே இருக்கும் முனைகள் ஒட்டிக்கொண்டு, கரண்ட் நிற்காமலே ஓடும். அப்போது பிடிக்கத்தான் இரண்டாவது காவலாளி, கட்-அவுட். சூடு எல்லை மீறினால் அவர் துண்டித்துவிடுவார். பிறகு தானாகச் சேர மாட்டார், ஒருவர் வந்து பட்டனை அழுத்த வேண்டும். அப்படி வைத்திருப்பதே "வந்து என்ன கோளாறு என்று பார்" என்பதற்காகத்தான்.

டைரக்ட் கொடுப்பது என்றால் இந்தக் காவலாளிகளை விலக்கிவிட்டு ஒயரை நேராகக் காயிலில் சேர்ப்பது. தண்ணீர் சுடும், வீட்டுக்காரருக்குத் திருப்தி. ஆனால் சுவிட்சை அணைக்க மறந்த அன்று நிறுத்த ஆளில்லை. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். பிரஷர் வால்வும் உப்பு பிடித்து அடைத்திருந்தால், அந்தத் தொட்டி குளியலறைச் சுவரில் மாட்டிய வெடிகுண்டு.

எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி குழாயைத் திறந்தபோது தண்ணீருக்கு முன்னால் ஆவி சீறியது. கை வெந்துபோய் ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தார். பிறகு வந்த இன்னொரு எலக்ட்ரீஷியன் மூடியைக் கழற்றிக் காட்டினார். கட்-அவுட்டின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயர் சேர்த்திருந்தது. யார் செய்தது என்று பாட்டிக்குத் தெரியாது. "நல்ல பையன், இருநூறுதான் வாங்கினான்" என்றார்.

நம் ஊர் பூட்டுக்குப் பெயர் பெற்றது. 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கினோம். பூட்டு திறக்கச் சிரமமாக இருக்கிறது என்று கொண்டுபோனால், பழைய பூட்டுத் தொழிலாளி எந்த லீவர் சிக்குகிறது என்று பார்த்துச் சரிசெய்வார். லீவர்களை எல்லாம் உருவிவிட்டு "இப்ப லேசாத் திறக்குது பாருங்க" என்று ஒருவர் கொடுத்தால் சும்மா விடுவோமா? கீசரில் அதைச் செய்கிறவருக்கு மட்டும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிறோம்.

கோளாறைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமா? பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும்.

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 2,000 வாட் கீசருக்கு ஏறக்குறைய 18 நிமிடம் ஆகும். உங்கள் கீசருக்கு அரை மணி ஆகிறதா? முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 இருந்தால் 2,000 வாட் காயில் 1,200 வாட்தான் தரும். வோல்டேஜ் சரியாக இருந்தும் தாமதம் என்றால் உப்புப் படிவின்மேல் சந்தேகம். நம் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், டீ போடும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவு காயிலிலும், தெர்மோஸ்டாட் இறங்கியிருக்கும் குழாயிலும் அப்பிக்கொள்கிறது. காயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து போகிறது. தெர்மோஸ்டாட் தாமதமாக உணர்கிறது. கட்-அவுட் அடிக்கடி விழுகிறது. இதற்கு மருந்து கழுவுவது, டைரக்ட் கொடுப்பது அல்ல.

சூடாகும்போது எரிய வேண்டிய விளக்கு எரிந்தும் தண்ணீர் பச்சையாகவே இருந்தால், பெரும்பாலும் காயில் போயிருக்கும். கரண்ட் வந்தும் அந்த விளக்கு எரியாவிட்டால் தெர்மோஸ்டாட்டோ கட்-அவுட்டோ. எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டர் வைத்தால் 2,000 வாட் காயில் 26 ஓம் பக்கம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது என்று பொருள். ஐந்து நிமிட வேலை. மாற்ற வேண்டிய பாகம் சில நூறு ரூபாய், புது கீசரோ பல ஆயிரம்.

கீசர் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறதா? அதுவும் காவலாளிதான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்க வேண்டும் என்று வீடுகளுக்கு விதி இருப்பது ஈரக் கையோடு நிற்கும் மனிதனைக் காப்பாற்றத்தான். "அதை எடுத்துட்டா விழாது சார்" என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிரஷர் வால்வில் சூடாகும்போது சொட்டுவதும் கோளாறு இல்லை. 15 லிட்டர் சூடாகி விரியும்போது ஒரு டம்ளர் அளவு கூடுகிறது, அது வெளியே வந்தாக வேண்டும். அங்கே அடைப்பான் போடாதீர்கள்.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஐ.டி.ஐ. படித்த நல்ல பையன்கள் இங்கே எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், மீட்டர் வச்சு அரை மணி நேரம் பாத்து இதுதான் கோளாறுன்னு சொன்னா, 'சும்மா பாத்ததுக்கு முந்நூறா'ன்னு கேக்குறாங்க. பார்ட்ஸ் கேட்டா கடையில 'அந்த மாடல் வர்றதில்ல'ங்கறாங்க. நான் என்னதான் செய்யறது?" நியாயமான கேள்வி. கண்டுபிடிக்கும் மூளைக்குக் கூலி கொடுக்காத வீட்டுக்காரரும், உதிரி பாகத்தை விற்காத கம்பெனியும் சேர்ந்துதான் அந்தத் துண்டு ஒயரை அவர் கையில் கொடுக்கிறார்கள்.

மத்திய அரசு 2022-இல் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று இணையதளமே திறந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. தெர்மோஸ்டாட் என்ன விலை, திண்டுக்கல்லில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விற்கும்போதே பில்லோடு எழுதிக் கொடுக்கச் சட்டம் போடட்டும், அப்போது கைதட்டுகிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் கீசர் விற்கக் கூடாது என்கிறார்கள், சரி. டைரக்ட் கொடுத்த கீசரில் முத்திரை ஒட்டியபடியே இருக்கும், முத்திரை சொன்ன பாதுகாப்பு இருக்காதே!

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை கீசர் பார்க்க ஆள் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த பாகம் போயிருக்கிறது? மீட்டரில் காட்ட முடியுமா? கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுப்பீர்களா? மூன்றுக்கும் பதில் சொன்னால் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கம்பெனி பாகம் தர மறுத்தால் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

ஏற்கெனவே உங்கள் வீட்டில் யாராவது டைரக்ட் கொடுத்திருந்தால், இன்றே அந்த சுவிட்சை அணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் வரும்வரை அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளிக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இன்று இரவே போன் செய்து, கீசரைக் கடைசியாக யார் பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.