தராசுக்கு முத்திரை வாங்குகிறோம். நம்மை எடை பார்க்கிறோமா?

நமது கடைகளில் உள்ள மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒரு முறை தொழிலாளர் துறையினரிடம் காட்டி முத்திரை பெறுகிறோம். தவறினால் அபராதம் என்பதால் தேதியை மறப்பதில்லை. காலையில் கடை திறந்தது முதல் இரவு பூட்டும் வரை அரிசி, பருப்பு, வெல்லம், கருவாடு, ஆணி என்று எல்லாவற்றையும் எடை போடுகிறோம். ஆனால் தராசுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் நாம் கடைசியாக எப்போது எடை பார்த்துக்கொண்டோம்? பரங்கிப்பேட்டைக் கடைத்தெரு நண்பர்கள் சிலரிடம் இதைக் கேட்டோம். "போன தடவை டாக்டரிடம் போனபோது பார்த்தார்கள்" என்பதே பெரும்பாலோர் தந்த பதில். அதாவது, நோய் வந்த பிறகு!

எடை குறைப்பது என்றவுடன் அது சினிமாக்காரர்களுக்கும் பட்டணத்து இளைஞர்களுக்கும் உரியது என்று நம்மில் பலர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வணிகனுக்கு உடல்தான் முதலுக்கெல்லாம் முதல் என்பதால் இதை இந்த இதழில் எழுத வேண்டியிருக்கிறது.

வணிகனின் ஒரு நாள்

நமது நாளை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். காலையில் கடை திறந்து கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது அபூர்வம். சரக்கு எடுக்கப் பையன் இருக்கிறான். வங்கிக்குப் போக வண்டி இருக்கிறது. கொள்முதலுக்குச் சிதம்பரமோ கடலூரோ போக வேண்டியதில்லை. போனில் சொன்னால் லோடு வந்து நிற்கிறது. பணமும் போனிலேயே போய்ச் சேர்கிறது. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ. இரவு கணக்கு முடித்து வீடு சேர்ந்து சாப்பிடும்போது மணி பதினொன்று. சாப்பிட்ட கையோடு படுக்கை.

இடையில் தேநீர். கம்பெனி பிரதிநிதி வந்தால் ஒரு டீ, பாக்கி கொடுக்க வந்தவருக்கு ஒரு டீ, அவரோடு நமக்கும் ஒரு டீ. ஒரு நாளைக்கு ஆறு டீ, டீக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, கரண்டிக்கு 5 கிராம் என்று வையுங்கள். நாளொன்றுக்கு 60 கிராம். மாதம் 1 கிலோ 800 கிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 22 கிலோ. 25 கிலோ சிப்பத்துக்கு மூன்று கிலோதான் குறைவு! கணக்குத் தெரிந்த நாம் இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்பதில்லை.

அக்கம்பக்கத்து நிலவரம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் 2008 முதல் 2020 வரை நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. அதன்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேர். நமக்கு அடுத்த வீடான புதுச்சேரியில் நூற்றுக்கு 26 பேர். நாட்டில் தொப்பை உள்ளவர்கள் 35 கோடிப் பேர் என்கிறது அதே ஆய்வு.

நம்மவர்கள் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் உடல்வாகு கொண்டவர்கள். ஆகவே எடையோடு இடுப்புச் சுற்றளவையும் பார்க்கச் சொல்கிறார்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. ஜவுளிக்கடை நண்பர்களிடம் டேப் இருக்கிறது, செலவில்லாத பரிசோதனை.

சிறிது குறைந்தாலே பெரிது

இருபது, முப்பது கிலோ குறைத்தால்தான் பயன் என்று பலர் எண்ணி மலைத்துப் போகிறார்கள். அப்படியில்லை. மூட்டு வலி உள்ள பருத்த உடலினரை வைத்து அமெரிக்காவில் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறதாம். ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ மிச்சம். ஆயிரம் அடி நடந்தால் இருபதாயிரம் கிலோ, அதாவது இரண்டு லாரி லோடு. இந்த மிச்சத்தை எந்தக் கம்பெனியும் நமக்குத் தள்ளுபடியாகத் தராது!

இரத்த அழுத்தமும் ஏறத்தாழ ஒரு கிலோவுக்கு ஒரு புள்ளி வீதம் இறங்குவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 2002-இல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள் உடல் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு முயன்றார்கள். நோய் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்தது.

அது அமெரிக்கா என்று தள்ளிவிட வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நம்மவர்கள் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில், பழைய வழக்கப்படியே இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. இத்தனைக்கும் இவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவில்லை. ஆகவே தராசு உடனே இறங்கவில்லையே என்று சோர்ந்து, தொடங்கியதைக் கைவிட வேண்டாம். எண் நகரும் முன்பே உடலுக்குள் லாபம் வரத் தொடங்கிவிடுகிறது.

ஒரு நண்பரின் அனுபவம்

மொத்த மளிகை வியாபாரம் செய்யும் நம் நண்பர் ஒருவர், வயது 52, எடை 92 கிலோ. குடோனில் ஏணி ஏறினால் மூச்சு வாங்கும். கல்யாணப் பந்தியில் தரையில் இலை போட்டால் பந்தியையே தவிர்ப்பார். அவர் குறட்டையால் வீட்டில் மற்றவர்களுக்குத் தூக்கமில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் எச்சரித்த பிறகு மாற்றத்தைத் தொடங்கினார். ஓர் ஆண்டில் 7 கிலோ குறைந்தது. "மருந்துச் செலவு மிச்சமானதை விடுங்கள். பேரனைத் தூக்கிக்கொண்டு கடற்கரை மணலில் நடக்கிறேன், அதுதான் எனக்கு லாபம்" என்றார். ஏணி ஏறி இருப்பைத் தாமே சரிபார்க்கிறார். அதனால் சரக்குக் கணக்கும் சீரானதாம்!

அவர் பட்டினி கிடக்கவில்லை. டீயில் சர்க்கரையை முதலில் பாதியாக்கி, பிறகு நிறுத்தினார். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, காயில் ஒரு கரண்டி கூட்டினார். நம் ஊரில் மீனுக்குப் பஞ்சமில்லை. வறுவலைக் குறைத்துக் குழம்பு மீனாகச் சாப்பிட்டார். இரவு உணவை ஒன்பது மணிக்கே கடைக்கு வரவழைத்து முடித்துக்கொண்டார். காலையில் கடை திறக்கும் முன் அரை மணி நேரம் நடந்தார். மதியம் கூட்டம் இல்லாத வேளையில் மணிக்கு ஒரு முறையாவது கல்லாவை விட்டு எழுந்து நின்றார். இதில் நம்மால் முடியாதது எது?

எச்சரிக்கையும் தேவை

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், எடை குறைகிறது என்று தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அளவைக் குறைப்பது மருத்துவர் பொறுப்பு. முயற்சி எதுவும் இல்லாமல் எடை தானாக இறங்கினால் மகிழ வேண்டாம். சர்க்கரை நோயோ காசநோயோ காரணமாக இருக்கலாம், உடனே பரிசோதிக்க வேண்டும். எடை குறைக்கும் ஊசி மருந்துகள் 2025-இல் நம் நாட்டு விற்பனைக்கும் வந்துவிட்டன. அவை சிலருக்குப் பயன்படும் மருந்துகள். ஆனால் மருத்துவர் சீட்டு இன்றி வாங்குவதும் விற்பதும் ஆபத்து.

இங்கே நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. "பத்தே நாளில் பத்து கிலோ" என்று அச்சிட்ட பொடி டப்பாக்கள் நம் கடைகளுக்கும் வருகின்றன. கமிஷன் அதிகம் என்பதற்காக அவற்றை முன்வரிசையில் அடுக்குவது முறையா? நம் சொந்த வீட்டாருக்குக் கொடுக்கத் தயங்கும் பொருளை வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாமா? நம்பிக்கைதான் வணிகனின் முதல் என்று மேடைக்கு மேடை பேசும் நாம் இதைச் சிந்திக்க வேண்டும்.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

தனி ஒருவர் மன உறுதி சில நாளில் தளரும்; பத்துப் பேர் சேர்ந்தால் நிற்கும். ஆகவே சில யோசனைகளைச் சங்கங்களின் முன் வைக்கிறோம்.

சங்க அலுவலகத்தில் எடை பார்க்கும் கருவியும் இரத்த அழுத்தக் கருவியும் வாங்கி வைக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் மே 5 வணிகர் தினத்தில் மாநாட்டுக்குச் செல்கிறோம். அந்த வாரத்திலேயே உறுப்பினர்கள், குடும்பத்தார், பணியாளர்கள் அனைவருக்கும் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் முகாம் நடத்தலாம். செயற்குழுக் கூட்டங்களில் இனிப்பு, போண்டாவுக்குப் பதில் சுண்டலும் சர்க்கரையில்லாத தேநீரும் தரலாம். இரவு அரை மணி நேரம் முன்னதாகக் கடை அடைப்பது பற்றி எல்லோரும் கூடிப் பேசலாம். ஒருவர் மட்டும் அடைத்தால் வியாபாரம் போகும். எல்லோரும் அடைத்தால் யாருக்கும் நட்டமில்லை.

பணியாளர்களையும் மறக்கக் கூடாது. முதலாளி நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். பையன்கள் நாள் முழுவதும் நிற்கிறார்கள். இரண்டும் உடலுக்குக் கேடு. கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வசதி செய்து தருவதைத் தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே கட்டாயமாக்கியது. அவர்கள் சிறிது உட்காரட்டும். நாம் சிறிது எழுந்து நிற்போம்!

வணிக நண்பர்களே! ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கும்போது எத்தனை லட்சம் சேர்ந்தது என்று பார்க்கிறோம். அதே நாளில் நம் எடையையும் ஒரு தாளில் குறித்து, பேரேட்டின் முதல் பக்கத்தில் வைப்போம். பணத்தில் ஏறினால் லாபம். எடையில் ஏறினால் அது கடன், வட்டியோடு ஒரு நாள் வசூலுக்கு வரும். இன்றிலிருந்தே சிறுகச் சிறுக அடைப்போம்.