பாதி உலகம்

எம் பெரிய தகப்பனார் பாரிசவாதத்தால் வீழ்ந்து ஒருவாறு தேறியிருந்த காலம். கோப்பையில் இட்ட சோற்றில் வலப்பக்கத்தை மட்டும் உண்பார். இடப்பக்கத்துச் சோறு அப்படியே கிடக்க, "இன்னுங் கொஞ்சம் போடு பிள்ளை" என்பார். இடப்புறம் நின்று அழைத்தால் திரும்பிப் பாரார். பிடிவாதம் என்றெண்ணி நாம் கடிந்துகொண்டதும் உண்டு. அது பிடிவாதமன்று என்பதைப் பின்னரே அறிந்தோம்.

மூளையின் வலப்பாதி பழுதுற்றோர் பலரிடத்துத் தோன்றும் குறை இது. கண்ணின் கோளாறன்று. பார்வைப் புலத்திற் பாதியை மட்டும் இழந்தவர், தம் குறையை உணர்ந்து, தலையையும் விழியையும் அப்பக்கம் திருப்பி ஈடுசெய்யப் பழகுவதுண்டு. இவர்களுடைய விழிகளோ வலப்பக்கத்திலேயே உலாவும். கண்ட பொருளையே மீண்டும் காணும். இடப்பக்கம் என ஒன்று உண்டென்னும் எண்ணமே எழாதபோது கண் எதனைத் தேடிச் செல்லும்?

1978ஆம் ஆண்டில் பிசியாக், லுட்சாட்டி என்னும் இத்தாலிய அறிஞர் இருவர் இதனைத் தெளிவுறக் காட்டினர். மிலான் நகரத்துப் பேராலயச் சதுக்கத்தை நன்கறிந்த நோயாளர் இருவரை, ஆலயத்தை நோக்கி நிற்பதாகப் பாவித்து, அங்குள்ள கட்டடங்களைக் கூறுமாறு கேட்டனர். வலப்பக்கத்துக் கட்டடங்களையே அவர்கள் பெரிதும் கூறினர். பின்னர், ஆலய வாயிலில் நின்று எதிர்த்திசையை நோக்குவதாகப் பாவிக்கச் செய்தனர். என்னே வியப்பு! முன்னர் விடுபட்டவை இப்பொழுது நாவில் வந்தன. முன்னர் கூறியவை விடுபட்டன. நினைவு அழியவில்லை, அகக்கண்ணும் இடப்பக்கத்தை மறந்திருந்தது.

1998இல் ரொசெற்றி என்னும் பிரெஞ்சு அறிஞரும் குழுவினரும், காட்சியைப் பத்துப் பாகை வலப்புறம் விலக்கிக் காட்டும் அரியக் கண்ணாடியை நோயாளருக்கு அணிவித்து, எதிரேயுள்ள குறிகளை விரலாற் சுட்டப் பழக்கினர். கண்ணாடியைக் கழற்றிய பின்னும் இரண்டு மணி நேரமளவு இடப்பக்க நோக்கம் திருந்தி நின்றது. அதன் நிலைத்த பயன்பற்றி ஆய்வாளரிடை இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

வீட்டில் நாம் செய்யத்தக்கவையும் உள. படிக்கும் தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடிட்டு, அதனைத் தேடிக் கண்ட பின்னர் வரியைத் தொடங்கச் சொல்லலாம். தெருவிலும் அடுப்பருகிலும் தனியே விடலாகாது. பலருக்கு நாளடைவில் குறை தணியும்.

சோற்றுக் கோப்பையைச் சற்றுத் திருப்பி வையுங்கள். மிலான் சதுக்கத்தில் நிகழ்ந்ததே அங்கும் நிகழும். மறைந்த சோறு தோன்றும். கடிந்த சொல்லால் ஆகாதது, கோப்பையைத் திருப்பிய கையால் ஆகும்.