மருந்து எந்த வழியாக?

தோழர்களே, மாத்திரை என்றால் விழுங்குவது, வலி என்றால் ஊசி. தோட்டத்தில் நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஊசி போடாத டாக்டரை நாம் மதிப்பதுகூட இல்லை!

ஆனால் நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட் மாத்திரையை விழுங்கக் கூடாது. நாக்குக்கு அடியில் வைத்தால் நேரே ரத்தத்தில் கலந்து சில நிமிடத்தில் வேலை செய்யும். விழுங்கினால் ஈரல் பெரும்பகுதியை அழித்துவிடும். மனுஷன் வலியோடு தவிக்க வேண்டியதுதான். உட்கார்ந்துகொண்டு வையுங்கள், தலை சுற்றலாம். 5 நிமிடத்தில் வலி விடாவிட்டால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

உறையில் மலாயில் 'பாவா லீடா' என்றிருந்தால் நாக்குக்கு அடியில். 'சாப்பு' என்றால் சாப்பிடுவது அல்ல, தடவுவது! இதை எல்லாம் நம் பெரியவர்கள் எப்படிப் படிப்பார்கள்? மருந்து கொடுப்பவர் வாயால் சொல்லியாக வேண்டும் என்பதே என் கட்சி. சொல்லாவிட்டால் கவுண்டரை விட்டு நகராதீர்கள். "ஐயா, இது விழுங்கவா, நாக்குக்கு அடியிலா, தடவவா?" என்று கேளுங்கள்.