நஞ்சு கொட்டுவார்க்குச் சல்லடை கேடயமா?

நீரில் நஞ்சைக் கொட்டுபவன் கையில் சல்லடை ஒன்றைக் கொடுத்துவிட்டால், அவன் நல்லவனாகிவிடுவானா? 'அறிவியல் வளர்ந்துவிட்டது, இனிக் கழிவைப் பற்றிய கவலை வேண்டா' என்பார்க்கு இவ்வொரு வினாவே போதும்.

அறிவியல் வளர்ந்தது உண்மையே. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓமர் யாகியின் குழுவினர், கரிமம் முதலிய எளிய தனிமங்களை வலிய பிணைப்பால் கோத்து, பளிங்கின் ஒழுங்குடைய நுண்துளைப் பலபடிகளை ஆக்கிக் காட்டினர். அத்துளைகள் மயிரிழைத் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே. ஒரே சீராய் அடுக்கப்பெற்றவை. துளைச் சுவர்களில் கந்தகத்தைப் பொருத்தினால், பாதரசம் என வழங்கும் இதளை அவை இறுகப் பற்றிக்கொள்கின்றன. இவ்வாறு ஆய்வகத்தில் நீரின் இதளளவு குடிநீர் வரம்புக்கும் கீழே இறங்கியது. இது பெருவெற்றியே, மறுப்பாரிலர்.

ஆயின், துப்புரவுப் பொறியைக் காட்டி மக்களை ஏய்த்தல் புதிதன்று. சப்பானின் மினமாட்டாக் கடலில் சிசோ ஆலை இதட்கழிவைக் கொட்டியது. மீனுண்ட மக்கள் கைகால் முடங்கினர்; கருவிலிருந்த குழவிகளும் தப்பவில்லை. 1956-இல் நோய் வெளிப்பட்டது. 1959-இல் ஆலை மருத்துவரே கழிவைப் பூனைக்கூட்டி உண்மை கண்டார். ஆலை அதனை மூடி மறைத்தது. அவ்வாண்டு திசம்பரில் துப்புரவுப் பொறி ஒன்றை நிறுவி விழா எடுத்தது. ஆலைத் தலைவர் ஒரு குவளை நீரை அனைவரும் காணக் குடித்தார். இதட்கழிவோ அப்பொறியின் வழியே செல்லவே இல்லை! அப்பொறி இதளை நீக்காது என்பதும் ஆலைக்குத் தெரியும். 1968 வரை நஞ்சு ஓடிக்கொண்டேயிருந்தது.

அன்று பொறி பொய். இன்று சல்லடை மெய். எனினும் கொட்டுபவன் நெஞ்சம் மாறிற்றா? இதள் தனிமம், அஃது அழியாது. சல்லடை அதனைப் பிடித்து வைக்குமேயன்றி ஒழிக்காது. துளைகள் நிரம்பியபின் கழுவினால், கழுவிய நீரில் அதே நஞ்சு! அதனை எங்கே வைப்பது? யார் காப்பது? யார் பொருள் செலவிடுவது? இவற்றுக்கு விடை கூறாதவன் சல்லடையைக் காட்டுவது, அன்று குவளையைக் காட்டியதைப் போன்றதே.

நுண்துளைப் பலபடி முன்னரே கெட்ட நீரை மீட்கட்டும். இனிக் கெடுப்பதற்கு உரிமைச் சீட்டாக வேண்டா. ஆலைவாயிலிலேயே நஞ்சைத் தடுப்பதே முதற்கடன். கழிவை அளக்கும் கோல் மக்கள் கையில் இருக்கட்டும். கொட்டுபவன் கையில் அன்று!