ஐ.டி. வேலையை வெளியே கொடுக்கலாம், சாவியையும் சேர்த்தா?

“பாஸ்வேர்டு மறந்துபோச்சு, கொஞ்சம் மாத்திக் கொடுங்க.” ஐ.டி. ஹெல்ப்டெஸ்க்கில் வேலை செய்பவர்கள் தினமும் பலமுறை கேட்கிற வார்த்தை இது. 2023 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் குளோராக்ஸ் நிறுவனத்துக்கான ஹெல்ப்டெஸ்க்குக்கும் இப்படித்தான் ஓர் அழைப்பு வந்ததாகச் சொல்லப்படுகிறது. பேசியவர் ஊழியர் இல்லை, ஹேக்கர். அவர் யார் என்று சரிபார்க்காமலேயே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள் என்பது குளோராக்ஸின் குற்றச்சாட்டு. வீட்டைச் சுத்தம் செய்யும் பொருட்களைத் தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் உற்பத்தி தடைபட்டது; கடைகளில் சரக்கு தட்டுப்பாடு வந்தது.

அந்த ஹெல்ப்டெஸ்க்கை நடத்திய நிறுவனம் காக்னிசன்ட். 1994-ல் சென்னையில் தொடங்கி, இன்று நம்மில் பலருக்குத் தெரிந்த யாராவது ஒருவர் வேலை பார்க்கும் அதே நிறுவனம்தான். 38 கோடி டாலர் இழப்பு என்று சொல்லி, 2025 ஜூலையில் குளோராக்ஸ் அதன் மீது வழக்குப் போட்டது. காக்னிசன்ட் இதை மறுக்கிறது. ‘எங்களிடம் கொடுக்கப்பட்டது ஹெல்ப்டெஸ்க் வேலை மட்டும், அதை ஒழுங்காகச் செய்தோம். சைபர் பாதுகாப்பு எங்கள் பொறுப்பில் இல்லை’ என்பது அதன் வாதம்.

யார் சொல்வது சரி என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால் இந்த வழக்கு எழுப்பும் கேள்வி கோவை பம்ப் கம்பெனிக்கும், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்துக்கும், ஓ.எம்.ஆர். ஸ்டார்ட்-அப்புக்கும் பொருந்தும். வெளியாளிடம் எதைக் கொடுத்தோம், எதைக் கொடுக்கவில்லை என்பது இரு தரப்புக்கும் ஒரே மாதிரி தெரியுமா?

மேனேஜ்டு சர்வீஸ் என்றால் என்ன?

ஏ.சி.க்கும் லிஃப்ட்டுக்கும் ஏ.எம்.சி. போடுவது நமக்குத் தெரியும். மேனேஜ்டு சர்வீஸ் அதைவிட ஒரு படி மேலே. ஏ.எம்.சி.யில் பழுதானால் கூப்பிடுகிறோம், ஆள் வருகிறார். இதிலோ பழுதாவதற்கு முன்பே கவனித்துக்கொள்வதுதான் ஒப்பந்தம். லேப்டாப், பாஸ்வேர்டு, சர்வர், நெட்வொர்க், மென்பொருள் அப்டேட், பேக்கப், கிளவுட் கணக்கு, ஃபயர்வால் எல்லாவற்றையும் ஒரு நிறுவனம் தன் அலுவலகத்தில் இருந்தபடியே கண்காணிக்கும். மாதக் கட்டணம், ஊழியருக்கு இவ்வளவு, கருவிக்கு இவ்வளவு என்று கணக்கு.

இது புதுசு இல்லை. 1989-லேயே கோடாக் நிறுவனம் தன் கணினி மையங்களை ஐ.பி.எம்.மிடம் ஒப்படைத்தது. ‘இவ்வளவு பெரிய கம்பெனியே வெளியே கொடுக்கிறதே’ என்று மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். அந்த அலையில் வளர்ந்ததுதான் நம் ஊர் ஐ.டி. துறையின் பெரும்பகுதி.

ஏன் கொடுக்கிறார்கள்?

எளிய கணக்கு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால், ஒரே ஒரு நாற்காலியில் இரவும் பகலும் ஆள் உட்கார மூன்றரை பேர் வேண்டும். விடுப்பு, பண்டிகை, உடம்பு சரியில்லை என்று சேர்த்தால் ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்கும் சர்வரும் தெரியணும், நெட்வொர்க்கும் தெரியணும், பாதுகாப்பும் தெரியணும். 80 பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியால் இது முடியுமா?

முடியாது. பல சின்னக் கம்பெனிகளில் ‘ஐ.டி. டிபார்ட்மென்ட்’ என்பது ஒரே ஒரு தம்பிதான். அவர் ஊருக்குப் போனால் பிரிண்டரும் நிற்கும், டேலியும் நிற்கும். அதற்குப் பதிலாக, 50 கம்பெனிகளுக்குப் பொதுவாக ஒரு திறமையான குழு இருப்பது நல்ல ஏற்பாடு. ஆகவே வெளியே கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. பல இடங்களில் அதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம் எங்கே இடிக்கிறது?

முதல் இடி, எஸ்.எல்.ஏ. எனப்படும் சேவை ஒப்பந்தத்தில். ‘99.9 சதவீதம் இயங்கும்’ என்று போட்டிருந்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம் நின்றுபோனாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. 99 சதவீதம் என்றால் மூன்றரை நாளுக்கும் மேல். அந்த மூன்றரை நாள் தீபாவளி விற்பனை வாரத்தில் வந்தால்?

அடுத்தது, ‘15 நிமிடத்தில் பதில்’ என்ற வரி. பதில் வேறு, தீர்வு வேறு. “உங்கள் டிக்கெட் பதிவாகிவிட்டது” என்று தானாகப் போகும் மின்னஞ்சலும் பதில்தான். இந்தத் துறையில் இதற்கு ‘தர்ப்பூசணி’ என்றே கிண்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மாதாந்திர அறிக்கை வெளியே பார்க்கப் பச்சை. உள்ளே ஊழியர்கள் படும் பாடு சிவப்பு.

ஒரே சாவிக்கொத்தில் எத்தனை வீடு?

இரண்டாவது இடி இன்னும் பெரிது. 50 கம்பெனிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் 50 கம்பெனிகளின் சாவியும் இருக்கும். திருடனுக்கு 50 வீடு ஏறிக் குதிக்கும் வேலை மிச்சம்.

2021 ஜூலையில் இதுதான் நடந்தது. சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படுத்தும் கசேயா மென்பொருளில் ஒரு ஓட்டை. அதன் வழியாக ரான்சம்வேர் புகுந்தது. 800 முதல் 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டதாக கசேயாவே சொன்னது. ஸ்வீடனில் கோ-ஆப் சூப்பர் மார்க்கெட்டின் பில்லிங் இயந்திரங்கள் வேலை செய்யாமல், ஏறக்குறைய 800 கடைகளை மூட வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் கோ-ஆப், கசேயாவின் நேரடி வாடிக்கையாளர்கூட இல்லை. அதன் பில்லிங் சேவையைப் பார்த்துக்கொண்டவர் வழியாக வந்த வினை அது.

நம் நாட்டிலும் நடந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ், எஸ்.பி.ஐ.யும் டி.சி.எஸ்.ஸும் சேர்ந்து நடத்தும் நிறுவனம். 2024 ஜூலை இறுதியில் அதை ரான்சம்வேர் தாக்கியது. பரவாமல் தடுக்க, என்.பி.சி.ஐ. அதைத் தன் பணப் பரிவர்த்தனை அமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. அதன் சேவையை நம்பியிருந்த ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களால் யு.பி.ஐ. போன்ற வசதிகளைப் பயன்படுத்த முடியவில்லை. மறுநாள் இணைப்பு திரும்ப வந்தது. பணம் கையில் இருந்தும் அனுப்ப முடியாமல் நின்ற அந்த வாடிக்கையாளருக்கு சி-எட்ஜ் என்ற பெயரே தெரிந்திருக்காது. அவர் திட்டியது தன் வங்கியைத்தான்.

சட்டம் யாரைக் கேட்கும்?

வாடிக்கையாளர் மட்டுமல்ல, சட்டமும் உங்களைத்தான் கேட்கும். ஐ.டி. சேவைகளை வெளியே கொடுப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: வேலையை வெளியே கொடுத்தாலும் வங்கியின் பொறுப்பு குறையாது. ஒப்பந்தம் முடிந்தாலோ முறிந்தாலோ எப்படி வெளியே வருவது என்ற திட்டமும் வங்கியின் கையில் இருக்க வேண்டும்.

வங்கி இல்லாத நிறுவனங்களுக்கும் விலக்கு இல்லை. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவைப் பாதுகாக்கும் கடமை அதைச் சேகரித்த நிறுவனத்துடையது. அதற்காக வேறொருவர் அந்தத் தரவைக் கையாண்டாலும் சரி, பதில் சொல்ல வேண்டியது சேகரித்தவரே. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி இந்தச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

இதோடு, சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தங்களிடம் தெரிவிக்க வேண்டும் என்பது செர்ட்-இன் அமைப்பின் 2022-ம் ஆண்டு உத்தரவு. கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் சொல்கிறது. நள்ளிரவில் தாக்குதலைக் கண்டுபிடித்த சேவை நிறுவனம், காலை 10 மணிக்கு உங்களுக்கு மெயில் போட்டால் அந்த 6 மணி நேரம் என்ன ஆகும்? ‘யார், யாருக்கு, எத்தனை நிமிடத்தில் போன் செய்ய வேண்டும்’ என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

எதை உங்கள் கையிலேயே வைத்திருக்க வேண்டும்?

வேலையைக் கொடுங்கள். ஆனால் இந்த ஐந்தையும் கொடுக்காதீர்கள்.

*ஒன்று, தலைமை அட்மின் கணக்கு.* கிளவுட், மின்னஞ்சல், இணையதள முகவரி ஆகியவற்றின் உரிமை நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் போன் எண்ணில் இருக்க வேண்டும். டொமைனை வெண்டர் தன் பெயரில் பதிவு செய்திருந்தால், சண்டை வரும் நாளில் உங்கள் முகவரியே அவர் கையில். சேவை நிறுவன ஊழியர்களுக்குத் தனித்தனிக் கணக்கு கொடுங்கள். பத்துப் பேர் ஒரே ‘அட்மின்’ பாஸ்வேர்டில் நுழைந்தால், யார் என்ன செய்தார் என்று கடைசிவரை தெரியாது.

*இரண்டு, பேக்கப்பின் ஒரு பிரதி.* சேவை நிறுவனத்தின் சாவியால் அழிக்க முடியாத இடத்தில் அது இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துப் பாருங்கள். எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பி உட்கார முடியாது.

*மூன்று, பட்டியல்.* எத்தனை கருவி, என்ன உரிமம், நெட்வொர்க் எப்படி இணைந்திருக்கிறது என்ற ஆவணம் உங்கள் சொத்து. ‘அது எங்க டீமுக்குத்தான் தெரியும்’ என்ற பதிலை முதல் மாதமே ஏற்காதீர்கள்.

*நான்கு, விஷயம் தெரிந்த ஒருவர்.* ஐந்து பேர் வேண்டாம், ஒருவர் போதும். வெண்டர் தரும் அறிக்கையைப் படித்து, “இந்த சர்வருக்கு மூணு மாசமா ஏன் அப்டேட் போடலை?” என்று கேட்கத் தெரிந்தவர். அவரையும் அனுப்பிவிட்டு மிச்சம் பிடிக்கிற சம்பளம், பின்னால் பல மடங்காகத் திரும்பி வரும்.

*ஐந்து, வெளியே போகும் கதவு.* ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில், எந்த வடிவில் எல்லாம் திரும்ப வரும், அதற்குக் கட்டணம் உண்டா என்று கையெழுத்துப் போடும் நாளிலேயே எழுதுங்கள். அவர் வேலையை வேறொருவரிடம் உள்குத்தகைக்கு விடுவாரா என்றும் அப்போதே கேளுங்கள்.

போனின் மறுமுனையில் இருப்பவர்

இதைப் படிக்கும் பலர் வெண்டர் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களாக இருக்கலாம். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

2025 ஏப்ரலில் பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தாக்கப்பட்டபோது, ஆன்லைன் விற்பனை ஆறு வாரத்துக்கும் மேல் நின்றது. லாபத்தில் ஏறக்குறைய 30 கோடி பவுண்டு அடி விழும் என்று அந்த நிறுவனம் மதிப்பிட்டது. வேறொருவராக நடித்து உள்ளே நுழைந்தார்கள், அதில் மூன்றாம் தரப்பு ஒன்றும் சம்பந்தப்பட்டிருந்தது என்று அதன் தலைவர் ஆர்ச்சி நார்மன் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். அதற்கு ஐ.டி. சேவை தரும் டி.சி.எஸ்., தன் அமைப்புகளில் யாரும் ஊடுருவவில்லை என்று தெரிவித்தது.

இப்படி ஒவ்வொரு முறையும் விரல் நீள்வது போன் எடுத்த ஊழியரை நோக்கி. அவரை எப்படி அளக்கிறோம் என்று பாருங்கள். ஓர் அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடித்தார், ஒரு நாளில் எத்தனை டிக்கெட்டை மூடினார், வாடிக்கையாளர் எத்தனை ஸ்டார் கொடுத்தார். மூன்றுமே வேகத்துக்கும் பணிவுக்கும் தரும் மதிப்பெண்கள். “எம்.டி. பேசுறேன், ஃபிளைட் ஏறணும், உடனே மாத்து” என்று அதட்டும் குரலிடம், “உங்க பதிவு செய்த நம்பருக்கு நானே திரும்பக் கூப்பிடுறேன் சார்” என்று சொல்பவருக்கு இந்த அளவுகோலில் மதிப்பெண் குறையும். ஆனால் அன்று கம்பெனியைக் காப்பாற்றியவர் அவராக இருக்கலாம்.

மிகக் குறைந்த விலைக்கு ஏலம் எடுத்து, குறைந்த சம்பளத்தில் ஆள் போட்டு, நிமிடக் கணக்கில் விரட்டிவிட்டு, அதே ஆளிடம் எச்சரிக்கையையும் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. எச்சரிக்கைக்கு நேரம் வேண்டும். நேரத்துக்குக் காசு வேண்டும். ஒப்பந்தம் போடும் இரு தரப்பும் சேர்ந்து எழுத வேண்டிய வரி ஒன்று இருக்கிறது: அடையாளம் உறுதியாகும்வரை ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை ஹெல்ப்டெஸ்க் ஊழியருக்கு உண்டு. கூப்பிடுவது எம்.டி.யே ஆனாலும் விதிவிலக்கு இல்லை. அப்படிச் சொன்னதற்காக அவர் மதிப்பெண் குறையாது.

அந்த வரி உங்கள் கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று திங்கள்கிழமை கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் வெண்டர் பாத்துக்குவாங்க” என்று பதில் வந்தால், வேலை ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான்.