இறக்கி வைக்க இடமில்லாத சுமை

பழைய பெருவழிகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நிற்கும். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய கைத்துணையும் இல்லாமல் அதன்மேல் பாரத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கலாம். எரிபொருள் விலை ஏறும்போதும் இப்படியொரு கல் சிலருக்குக் கிடைக்கிறது. சிமெண்ட் ஆலை, கூடுதல் செலவை மூட்டை விலையில் இறக்கிவிடும். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 2018 ஜனவரிக்குப் பின் பல ஆண்டுகள் கட்டணத்தை உயர்த்தாமலே பேருந்து ஓட்டின. அவற்றுக்கு அரசின் டீசல் மானியம் தோள் கொடுத்தது. ஆட்டோ ஓட்டுநருக்கும், ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைப்பவருக்கும், உழவருக்கும் அந்தக் கல் இல்லை. அவர்கள் வாங்கும் எரிபொருளின் விலையையும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். அவர்கள் விற்கும் உழைப்பின் விலையையும், விளைச்சலின் விலையையும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். ஆகவே விலை எவ்வளவு ஏறியது என்பதைவிட, ஏறிய விலை யார் தலையில் தங்கிவிடுகிறது என்பதே முதன்மையான கேள்வி.

பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. 2017 ஜூன் முதல் விலை நாள்தோறும் மாறும் என்றார்கள். கச்சா எண்ணெய் ஏறினால் இங்கும் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பது சொல்லப்பட்ட நியாயம். நடந்தது வேறு. 2014 ஏப்ரலில் ஒரு லிட்டர் டீசலுக்கு மத்திய கலால் வரி 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதத்தில் அது 31 ரூபாய் 83 காசு. அதற்கு முந்தைய மாதம்தான் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 20 டாலருக்கும் கீழே இறங்கியிருந்தது. இறங்கிய விலையின் பலன் பங்க்கை எட்டுவதற்குள் வரி அதை எடுத்துக்கொண்டது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் டீசல் மீதான கலால் வரி 16 ரூபாய் குறைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் 2014-ஆம் ஆண்டு நிலைக்கு அது திரும்பவே இல்லை. நாள்தோறும் மாறும் என்ற விலை, ஐந்து மாநிலத் தேர்தல்களை ஒட்டி 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் 21 வரை அசையாமல் நின்றது. மறுநாளே ஏறத் தொடங்கியது. சந்தைதான் விலையைத் தீர்மானிக்கிறது என்றால், தேர்தல் காலத்தில் மட்டும் அந்தச் சந்தை உறங்கியது எப்படி?

எரிபொருள் விலை இப்படி விருப்பம்போல் அசைய, எதிர்ப்பக்கத்தில் உள்ள வருமானம் உறைந்து கிடக்கிறது. சென்னையில் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என அரசு கட்டணம் நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில். அப்போது பெட்ரோல் லிட்டர் 80 ரூபாயைத் தொடவில்லை. பிறகு அது 100 ரூபாயைத் தாண்டியது. பத்து ஆண்டு கடந்தும் அந்தக் கட்டணப் பட்டியல் மாறவில்லை. மீட்டர் போடாத ஆட்டோக்காரரைத் திட்டுவது எளிது. கட்டுப்படியாகாத கட்டணத்தைச் சட்டமாக்கிவிட்டு, அதை மீறுகிறவரைக் குற்றவாளி என்பது நேர்மையாகாது. லாரித் தொழிலிலும் இதே பாகுபாடு உண்டு. பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் டீசல் விலை மாறினால் வாடகையும் மாறும் என்ற விதி இருக்கும். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் புக்கிங் ஆபீஸ் மூலம் லோடு பிடிக்கும் ஒற்றை லாரிக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காத்துக் கிடப்பதைவிடக் கிடைத்த வாடகைக்கு ஏற்றுவது மேல் என்பதே அவர் கணக்கு. மாதத் தவணை எந்த மாதமும் நிற்பதில்லை. சுங்கக் கட்டணமும் ஆண்டுதோறும் ஏறுகிறது.

உழவரின் நிலை இன்னும் சிக்கலானது. 1990 முதல் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருப்பதால் டீசல் விலை தமிழக உழவரை அவ்வளவாகத் தொடாது என்று சிலர் நினைக்கிறார்கள். தண்ணீர் இறைப்பதோடு வேளாண்மை முடிந்துவிடுவதில்லை. மாடு கட்டி உழுத காலம் போய்விட்டது. உழவுக்கு டிராக்டர், சேற்றுழவுக்கு ரோட்டவேட்டர், அறுப்புக்குப் பெல்ட் வண்டி என்று டீசல் இல்லாத வேலை குறைந்துகொண்டே வருகிறது. மின் இணைப்புக்காகக் காத்திருப்பவர் ஆயில் இன்ஜினை நம்பித்தான் பயிர் வைக்கிறார். டெல்டாவில் சம்பா ஒரே நேரத்தில் முற்றி நிற்கும்போது, மேகம் கறுத்தால், மணி வாடகையில் பேரம் பேச யாருக்கும் அவகாசம் இருக்காது. காய்கறியிலோ டீசல் இருமுறை கடிக்கிறது. மண்டியில் விற்ற தொகையில் லாரி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி, கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவதே உழவர் கைக்கு வரும். வாடகை ஏறினால் அந்த மிச்சம் தேயும்; ஏறாவிட்டால் லாரிக்காரர் தேய்வார். இருவரில் ஒருவர் இழந்தே ஆக வேண்டும்.

நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை டீசலைவிட வேகமாக உயர்ந்திருக்கிறதே என்று கேட்கலாம். கணக்கு அப்படித்தான் காட்டுகிறது. 2013-14-இல் சாதாரண ரகத்துக்கு குவிண்டால் 1,310 ரூபாயாக இருந்தது, 2025-26-இல் 2,369 ரூபாய். ஏறத்தாழ 80 சதவீத உயர்வு. சென்னையில் அன்று 55 ரூபாய் அளவில் இருந்த டீசல், 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைந்த பிறகு 92 ரூபாயை ஒட்டி நின்றது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆதரவு விலை கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிறவருக்கு மட்டுமே. மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் தக்காளிக்கும் சின்ன வெங்காயத்துக்கும் அப்படி ஒரு தரை விலை கிடையாது. தவிர, ஆள் கிடைக்காமல் இயந்திரங்கள் கூடக்கூட ஏக்கருக்குச் செலவாகும் டீசலின் அளவும் கூடியிருக்கிறது. லிட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டால் இந்தப் பாதிக் கதை தெரியாது.

வரியைக் குறைத்தால் நலத்திட்டங்களுக்குப் பணம் ஏது, சொகுசு கார் வைத்திருப்பவருக்கும் அல்லவா ஆதாயம் என்பது வலுவான ஆட்சேபம். அதனாலேயே எல்லோருக்குமான வரிக்குறைப்பை இங்கே கேட்கவில்லை. கேட்பது, டீசலைத் தொழிற்கருவியாகப் பயன்படுத்துபவருக்கு வரியின் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது. ஜிஎஸ்டி கட்டும் ஆலை, தான் வாங்கிய மூலப்பொருளின் வரியைக் கழித்துக்கொள்கிறது. டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பதால் அந்தக் கழிவு யாருக்கும் இல்லை. அதன் முழு அடியும் கடைசி மனிதரிடம் போய் நிற்கிறது. 2021 பிப்ரவரி முதல் டீசல் லிட்டருக்கு 4 ரூபாய் வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி வசூலாகிறது. உழவர் பெயரால் உழவரிடமே வாங்கும் இந்தப் பணத்தை மாநிலங்களோடு பகிரவும் வேண்டியதில்லை. சலுகை விலையில் டீசல் கொடுத்தால் கள்ளச்சந்தைக்குப் போகும் என்ற அச்சம் நியாயமானது; லிட்டர் கணக்கை விட்டு ஏக்கர் கணக்கில், அடங்கலில் உள்ள பயிர்ப் பதிவின்படி வங்கிக் கணக்கில் போட்டால் அந்த வழி அடைபடும். பிஎம்-கிசான் பணமும் நேரே வங்கிக் கணக்குக்குத்தானே போகிறது! தமிழகமே மீனவர்களுக்கு விற்பனை வரி நீக்கிய டீசலை வழங்குகிறது. 2022 வறட்சியில் பீகார் அரசு பாசன டீசலுக்கு லிட்டருக்கு 75 ரூபாய் வரை மானியம் தந்தது. கடலுக்குப் பொருந்தும் நியாயம் வயலுக்கும் பொருந்தும்.

ஓட்டுநர்களுக்குச் செய்ய வேண்டியதற்குப் பெரிய நிதிகூடத் தேவையில்லை. எரிபொருள் விலை 5 ரூபாய் மாறும்போதெல்லாம் ஆட்டோ கட்டணமும் தானாக மாறும், விலை இறங்கினால் கட்டணமும் இறங்கும் என்று ஓர் அரசாணை போட்டால் போதும். பயணிக்கு இது பாரமில்லையா என்றால், மீட்டர் ஓடாத ஊரில் பேரம் பேசி அதைவிட அதிகமாகவே அவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உழவருக்கான ஏக்கர் தொகைக்கும் புதிய மேடை தேவையில்லை. 2021-இல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வைக்கத் தொடங்கிய மாநிலம் இது. டீசல் மேல் இத்தனை வரி விதித்தவர்கள், உழவரின் டீசலுக்காக அந்த அறிக்கையில் ஒரு வரி எழுதட்டும்.