குடும்பத்தின் தலையில் கட்டக்கூடாத சிகிச்சை

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, மருந்துச் சீட்டோடு சேர்த்து ஓர் அறிவுரையும் கிடைக்கும்: “தினமும் கை காலுக்குப் பயிற்சி கொடுங்க, போகப்போகச் சரியாகிடும்.” அதைக் கேட்டுக்கொள்பவர் பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் மகள், மருமகள். அந்த நிமிடத்தோடு மறுவாழ்வுச் சிகிச்சை என்ற பெரிய பொறுப்பு வீட்டுக்கு இடம் மாறிவிடுகிறது. இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. ஆனாலும் நாட்டின் பெரும்பகுதியில் நடைமுறை இதுதான்.

இந்த நடைமுறையைச் சீர்படுத்தி, குடும்பத்தாருக்கு ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் பலன் கிடைக்குமா? இந்தியாவிலேயே இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியன், ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் லிண்ட்லி உள்ளிட்டோர் நடத்திய ‘அட்டெண்ட்’ ஆய்வு அது. 2014 ஜனவரியிலிருந்து 2016 பிப்ரவரி வரை 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் இரண்டு பிரிவுகள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றப் பிரிவில், வழக்கமான சிகிச்சையோடு குடும்பத்தில் ஒருவருக்குத் தனிப் பயிற்சியும் தரப்பட்டது. நோயாளியை எப்படி உட்கார வைப்பது, எழுப்புவது, எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது, என்ன இலக்கு வைப்பது என்று மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சி, வீட்டிலும் இரண்டு மாதம் வரை தொடர்ந்தது.

ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். இறந்துபோனவர்களும் அன்றாடக் காரியங்களுக்குப் பிறரை நம்பியிருந்தவர்களும் சேர்ந்து, பயிற்சி பெற்ற பிரிவில் 47 சதவீதம். பயிற்சி பெறாத பிரிவிலும் 47 சதவீதம்.

2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியான அந்தக் கட்டுரையின் முடிவுரையில் பூசி மெழுகல் எதுவும் இல்லை. புதிய சான்று கிடைக்கும்வரை, பக்கவாத மறுவாழ்வுப் பணியைக் குடும்பத்தின் மீது மாற்றும் சேவைகளில் முதலீடு செய்ய இந்த முடிவுகள் ஆதரவு தரவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். செலவு குறைந்த வழி என்று பலரும் நம்பியிருந்த ஒன்றைத் தாங்களே சோதித்து, அது பலிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொன்ன நேர்மைக்கு ஒரு வணக்கம். ஆனால் சொல்லி இத்தனை ஆண்டு ஆன பிறகும் நம் வார்டுகளில் அதே அறிவுரை அதே தொனியில் வழங்கப்படுகிறது.

பிரிட்டனிலும் இதே கதைதான். லண்டனில் ஒரே மையத்தில் 300 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2004இல் வெளியான ஆய்வில், பராமரிப்போருக்குப் பயிற்சி கொடுத்தால் செலவும் குறைகிறது, அவர்களது சுமையும் குறைகிறது என்று தெரிந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதே பயிற்சியை 36 பக்கவாதப் பிரிவுகளுக்கு விரித்து, 928 நோயாளிகளிடமும் அவர்களைப் பராமரிப்போரிடமும் சோதித்தபோது அந்தப் பலன் காணாமல் போனது. அந்த முடிவு 2013இல் வெளியானது. ஆர்வமுள்ள ஒரு குழு ஓரிடத்தில் சாதித்ததை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது.

“பயிற்சி கொடுப்பதால் நஷ்டம் என்ன? பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அட்டெண்ட் ஆய்வில் இரண்டு பிரிவிலும் குடும்பங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. நம் ஊரில் யாரும் நோயாளியைப் போட்டுவிட்டுப் போவதில்லை. அந்த அன்புக்கு மேல் சில நாள் பயிற்சி புதிதாகச் சேர்த்தது கொஞ்சம்தான் என்றும் வாதிட இடமிருக்கிறது. படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடவும், புரையேறாமல் உணவு ஊட்டவும் குடும்பத்தாருக்குச் சொல்லித்தரத்தான் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம்’ என்பது தெரபிஸ்ட் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதற்கான சாக்காகிறது. ஆறு மாதத்தில் நோயாளி நடக்கவில்லையென்றால் பழியும் வீட்டுக்கே போகிறது. “நீ சரியா எக்சர்சைஸ் கொடுக்கல” என்ற பேச்சைக் கேட்காத மருமகள் உண்டா?

பொதுப்புத்தியை மட்டும் நம்பி இதை முடிவுசெய்ய முடியாது என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியை எழுப்பி, அடிக்கடி நடமாட வைத்தால் சீக்கிரம் தேறுவார் என்று பலரும் நினைத்தார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் உட்பட 5 நாடுகளில், 56 மருத்துவமனைகளில் 2,104 பேரிடம் சோதித்தபோது முடிவு தலைகீழாக வந்தது. தீவிரமாக நடமாட வைத்த பிரிவில் நன்றாகத் தேறியவர்கள் 46 சதவீதம். வழக்கமான பிரிவில் 50 சதவீதம். எப்போது, எவ்வளவு, எந்த நோயாளிக்கு என்பதைத் தீர்மானிப்பது தேர்ச்சி பெற்றவர்களின் வேலை. வாட்ஸ்அப்பில் வரும் பயிற்சி வீடியோ அதைச் செய்யாது.

அப்படியானால் முழுத் தகுதி பெற்ற நிபுணர் இல்லாமல் ஒன்றுமே நடக்காதா? நடக்கும். அதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனமும் பங்கேற்ற ‘காப்சி’ ஆய்வில், தமிழ்நாடு, கோவா, சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோய் உள்ள 282 பேர் சேர்க்கப்பட்டார்கள். பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள், நிபுணர்களின் மேற்பார்வையில், வீடு தேடிச் சென்றார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் நோய் அறிகுறிகளும் செயலிழப்பும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. தமிழ்நாட்டுக் கிராமப்புற மையத்தில் பலன் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. 2014இல் வெளியான முடிவு இது. நோய் வேறு, ஒப்பிடுவதில் எச்சரிக்கை தேவை. ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. இங்கே வேலை போய்ச் சேர்ந்தது சம்பளமும் பயிற்சியும் மேற்பார்வையும் உள்ள ஒருவரிடம். அட்டெண்டில் போய்ச் சேர்ந்தது, ஏற்கெனவே சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவரிடம். அடுத்து சோதிக்க வேண்டியது சுகாதார உதவியாளர்களையும் சமூக அளவிலான குழுக்களையும்தான் என்று அட்டெண்ட் ஆய்வாளர்களே கைகாட்டினார்கள்.

மறுவாழ்வுச் சிகிச்சை தனித் தொழில் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய பாடமும் அல்ல. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியபோது, அறுவைக்கு முன்னும் பின்னும் தரப்பட்ட இயன்முறைப் பயிற்சி அதில் பாதி வேலை. 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே இத்துறையில் தேர்ச்சி பெற்று வந்து, 1966இல் வேலூரில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். குடும்பத்தாரிடம் அன்பு இல்லை என்றா அவர் அப்படி ஒரு மையம் வேண்டும் என்று நினைத்தார்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இதற்கு வேண்டிய சட்டகத்தைக் கொடுத்துவிட்டது. வீட்டுக்கே மருந்து, வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை, நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்ற எண்ணம் பாராட்டத்தக்கது, ஐ.நா. விருதும் பெற்றது. ஆனால் இயன்முறை மருத்துவர் வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கு எப்படிப் போதும்? ஒரு வட்டாரத்தில் சராசரியாக 30 ஊராட்சிகளுக்கு மேல். ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை குக்கிராமங்கள். மாதம் ஒருமுறை ஒருவர் எட்டிப்பார்த்துவிட்டுப் போனால் அது வருகை, சிகிச்சை அல்ல. பேச்சிழந்தவருக்குப் பேச்சுப் பயிற்சியாளர், சட்டைப் பொத்தான் போடவும் சோறு பிசையவும் மீண்டும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோர் கிராமத்து நோயாளிக்கு எட்டாக்கனி. பக்கவாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதைக் கேட்க வீட்டுக்கு வருபவர் யார்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மறுவாழ்வுச் சேவைகளை அரசின் கடமையாகத்தான் வைக்கிறது. ஆனால் ‘பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு’ என்று ஒரு வாலையும் ஒட்டிவைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு அரசுகள் நிற்கக்கூடாது.

முதல் வேலை, வட்டார அளவில் இயன்முறை மருத்துவர்களைப் பெருக்குவது. அவர்களுக்குக் கீழே, நிரந்தர ஊதியத்தில், மறுவாழ்வு உதவியாளர்களை நியமிப்பது. உள்ளூர்ப் பெண்களுக்கு அது நல்ல வேலையாகவும் இருக்கும். ஊக்கத்தொகை என்ற பெயரில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்களின் உழைப்பை ஏற்கெனவே சுரண்டியது போதும். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே முதல் வீட்டு வருகையின் தேதியும் வருபவரின் பெயரும் இருக்க வேண்டும்.

இந்த மாதிரியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. நூறு வட்டாரங்களை எடுத்துக் குலுக்கல் முறையில் பாதியில் முதலில் தொடங்கட்டும். மறுபாதியில் ஓராண்டு கழித்துத் தொடங்கட்டும். இப்போது அறிவிப்புகளில் முன்னே நிற்பது பயனாளிகளின் எண்ணிக்கை. அதற்குப் பதில் ஆறாம் மாதத்தில் தாமாகக் குளிப்பவர் எத்தனை பேர், தாமாக நடப்பவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பதிவுசெய்யட்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் அந்த நூறு வட்டாரங்களுக்கான பணத்தைச் சுகாதாரத் துறை ஒதுக்கட்டும். முடிவு எதுவானாலும், 47-க்கு 47 என்றே வந்தாலும், அதை அப்படியே வெளியிடட்டும்.